ஒரே பெயருக்கு இரண்டு எஜமானர்கள்! – கர்னல் டிரைவர்களில் பெயர் மோதலும் அதைத் தவிர்க்கும் வழிகளும்



வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுக்கும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சார் வெறுமனே "செந்தில்" என்று கூப்பிட்டால் மூன்று மூலையிலிருந்து "யெஸ் சார்" வரும். அதற்காகத்தான் ரிஜிஸ்டரில் ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் இனிஷியல் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் யாரும் இனிஷியல் போட்டுக் கூப்பிடுவதில்லை. "பாப்பா" என்றால் போதும், யாரைச் சொல்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். அதே "பாப்பா"வைத் தெருவில் நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள், நாலு வீட்டுக் கதவு திறக்கும்!

வீட்டுப் பெயர் வீட்டோடு இருக்க வேண்டும், வெளியே போகும் பெயருக்கு இனிஷியல் வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது மொத்தமும் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எங்கள் ப்ராஜெக்ட் குழுவுக்கு மூன்று இரவுத் தூக்கமும் ஒரு கண்ணாடி பாட்டிலும் செலவாயிற்று. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று இரவும் ஒரு பாட்டிலும்

எங்கள் ப்ராஜெக்ட் ஒரு சிறிய கன்வேயர் மாடல். ஒரு ஸ்டெப்பர் மோட்டார் பெல்ட்டை இழுக்கும். பெல்ட் மேல் போகும் பாட்டில்களை ஓர் அகச்சிவப்பு சென்சார் எண்ணும். லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு ஒன்றில் இரண்டுக்கும் டிரைவர் எழுத வேண்டும். மோட்டார் டிரைவர் என் பொறுப்பு, சென்சார் டிரைவர் நண்பன் பொறுப்பு.

எங்கள் மோட்டார் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்பும் வகை. அதாவது 200 ஸ்டெப் போட்டால் ஒரு முழுச் சுற்று. என் புரோகிராமில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 'கவுன்ட்' என்ற வேரியபிளில் 1 கூட்டினேன். அது 200-க்குச் சமமானதும் மோட்டாரை நிறுத்தினேன். நண்பனும் பாட்டில் எண்ணிக்கைக்கு ஒரு வேரியபிள் வைத்தான். அதற்கு அவன் வைத்த பெயர்? சரியாகச் சொன்னீர்கள், அதுவும் 'கவுன்ட்'தான்! இரண்டையும் எந்த ஃபங்ஷனுக்குள்ளும் வைக்காமல் ஃபைலின் தலையில் குளோபல் வேரியபிளாக எழுதியிருந்தோம்.

தனித்தனி மாட்யூலாக இருந்தவரை இரண்டும் ஒழுங்காக ஓடின. "ரெண்டு மாட்யூல் எதுக்குடா, ஒண்ணா சேர்த்துடலாம்" என்று இரண்டு சி ஃபைல்களையும் சேர்த்து ஒரே மாட்யூலாக்க முயன்றோம். அப்போது லிங்கர் ஒரு எரர் கொடுத்தது. 'கவுன்ட்' என்ற பெயர் இரண்டு இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

இந்த இடத்தில் நாங்கள் செய்த வேலையைத்தான் நீங்கள் செய்யக்கூடாது. நண்பன் தன் ஃபைலில் அந்த வரிக்கு முன்னால் 'எக்ஸ்டெர்ன்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தான். எரர் மறைந்துவிட்டது. "பாத்தியா, எவ்வளவு சிம்பிள்!" என்று கை குலுக்கிக்கொண்டோம்.

அன்று முதல் ஏழரை ஆரம்பித்தது. மூன்று பாட்டில் போனால் டிஸ்ப்ளே நூற்றுச் சொச்சம் காட்டியது. சென்சார்தான் டியூப்லைட் வெளிச்சத்தைப் பார்த்துத் தப்பாக எண்ணுகிறது என்று முடிவு கட்டினோம். சென்சாரைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டினோம். ரெசிஸ்டரை மாற்றினோம். கெபாசிட்டர் ஒன்றை இணைத்துப் பார்த்தோம். மூன்று இரவு இப்படியே போயிற்று. மோட்டார் மட்டும் பத்துத் தடவையில் பத்துத் தடவையும் நின்றதால் அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ரெவ்யூ அன்று பதினோராவது தடவை வந்தது. மோட்டார் 200-ல் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. சுவிட்சை அணைப்பதற்குள் ஒரு கண்ணாடி பாட்டில் பெல்ட்டின் முனைக்குப் போய்க் கீழே விழுந்து உடைந்தது. நல்ல வேளை, யார் காலிலும் படவில்லை.

சார் கோபப்படவில்லை. உடைந்த கண்ணாடியைப் பெருக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "ஏம்பா, உங்க புரோகிராம்ல 'கவுன்ட்'னு எத்தனை இருக்கு?"

"ரெண்டு சார்."

"நல்லாப் பாரு. ரெண்டா, ஒண்ணா?"

பார்த்தோம். 'எக்ஸ்டெர்ன்' என்றால் "இந்த வேரியபிள் இங்கே இல்லை, வேறு ஃபைலில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்" என்று பொருள். ஆக, இருந்தது ஒரே ஒரு கவுன்ட். மோட்டாரும் அதில்தான் கூட்டியது, சென்சாரும் அதில்தான் கூட்டியது. கவுன்ட் 199-ல் இருக்கும்போது ஒரு பாட்டில் சென்சாரைத் தாண்டினால் சென்சார் அதை 200 ஆக்கிவிடும். அடுத்த ஸ்டெப்பில் மோட்டார் அதை 201 ஆக்கிவிட்டு, "200-க்குச் சமமா?" என்று பார்க்கும். இல்லை. இனி எப்போது சமமாவது? மோட்டார் ஏன் நிற்கப்போகிறது?

ஒரே உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அதுதான்!

கர்னல் என்பது ஒரே கூரை

"சாதாரண சி புரோகிராமிலும் இந்தத் தப்பு நடக்குமே, கர்னலில் மட்டும் என்ன விசேஷம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

சாதாரண புரோகிராம் ஒவ்வொன்றும் தனி வீடு. நீங்கள் எழுதிய புரோகிராமில் 'கவுன்ட்' இருந்து, பக்கத்து டெர்மினலில் ஓடும் என் புரோகிராமிலும் 'கவுன்ட்' இருந்தால் ஒன்றுக்கொன்று தெரியவே தெரியாது. ஒன்று கெட்டுப்போனாலும் அது மட்டும்தான் விழும்.

கர்னல் அப்படியில்லை. கீபோர்டு டிரைவர், டிஸ்க் டிரைவர், நெட்வொர்க் டிரைவர் எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே மெமரியில் குடியிருக்கின்றன. எழுதியவர்களோ உலகம் முழுக்க இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. கர்னலோடு சேர்த்தே கட்டப்படும் டிரைவர்கள் அத்தனையும் கடைசியில் ஒரே ஃபைலாக லிங்க் ஆகின்றன. அங்கே 'டீபக்', 'ஸ்டேட்டஸ்', 'ரீசெட்', 'பஃபர்' போன்ற பெயர்கள் யாருக்கும் முதலில் தோன்றும் பெயர்கள். உங்களுக்குத் தோன்றியது இன்னொருவருக்குத் தோன்றாது என்பதற்கு என்ன நிச்சயம்? அங்கே ஒரு மோதல் நடந்து கர்னல் விழுந்தால் மொத்த மெஷினும் விழும்.

கம்பைலருக்குத் தெரியாது, லிங்கருக்குத்தான் தெரியும்

சி கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு ஃபைலை மட்டுமே பார்க்கும். மோட்டார் ஃபைலைக் கம்பைல் செய்யும்போது சென்சார் ஃபைல் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் ஆப்ஜெக்ட் ஃபைலைத் தந்து, அதோடு ஒரு பெயர்ப் பட்டியலையும் வைக்கிறது. "என்னிடம் இருக்கும் பெயர்கள் இவை, எனக்கு வெளியிலிருந்து வேண்டிய பெயர்கள் இவை" என்று சொல்லும் இந்தப் பட்டியல்தான் சிம்பல் டேபிள்.

லிங்கர் எல்லாப் பட்டியல்களையும் வாங்கி, கேட்டவனுக்கும் வைத்திருப்பவனுக்கும் முடிச்சுப் போடுகிறது. அது பெயரை மட்டும்தான் பார்க்கும். ஒரு ஃபைலில் 'இன்ட்' என்றும் இன்னொன்றில் 'லாங்' என்றும் அறிவித்திருந்தாலும், பெயர் ஒன்றாக இருந்தால் சி மொழியில் வழக்கமாக லிங்கர் வாய் திறக்காமல் இணைத்துவிடும்.

சத்தம் போடும் மோதலும் சத்தமில்லாத மோதலும்

பெயர் மோதல் நான்கு விதமாக வரும்.

முதல் வகை, லிங்கர் எரர். ஆரம்ப மதிப்போடு ஒரே பெயரை இரண்டு ஃபைலில் வரையறுத்தால் லிங்கர் மறுத்துவிடும். இது நல்ல மோதல்! சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது. அந்த வாயை 'எக்ஸ்டெர்ன்' போட்டு அடைத்ததுதான் எங்கள் தவறு.

இரண்டாவது வகை, சத்தமில்லாமல் ஒன்றாகிவிடுவது. மதிப்பு எதுவும் கொடுக்காமல் 'இன்ட் கவுன்ட்;' என்று இரண்டு ஃபைலில் எழுதினால், யூனிக்ஸ் சி கம்பைலர்கள் வெகுகாலம் அதைப் 'பொது' வேரியபிளாக வைத்து, லிங்கர் இரண்டையும் ஒரே இடமாகச் சேர்த்துவிடும். ஃபோர்ட்ரான் மொழியின் 'காமன்' பிளாக் வழியில் வந்த பழக்கம் இது. ஜி.சி.சி. கம்பைலர் 2020-ல் வந்த 10-ஆம் பதிப்பில்தான் இந்தப் பழக்கத்தைத் தானாகவே நிறுத்தியது. லினக்ஸ் கர்னலைக் கட்டும்போது இதைத் தடுக்கும் ஆப்ஷன் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கொடுக்கப்படுகிறது. ஆனால் பழைய கம்பைலரோடு மைக்ரோ கன்ட்ரோலர் ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்கள் இன்றும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, கர்னலின் சொந்தப் பெயரோடு மோதுவது. எலெக்ட்ரிகல் நண்பர்களே, இது உங்களுக்கு! மின்னோட்டத்தை அளக்கும் டிரைவரில் வேரியபிளுக்கு 'கரன்ட்' என்று பெயர் வைக்கத்தானே கை போகும்? லினக்ஸ் கர்னலில் 'கரன்ட்' என்பது ஏற்கெனவே ஒரு மேக்ரோ. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸைக் குறிப்பது அது. நீங்கள் அந்தப் பெயரை எழுதினால், கம்பைலர் பார்ப்பதற்கு முன்பே ப்ரீ ப்ராசசர் அதை வேறு எதுவாகவோ மாற்றிவிடும். பிறகு வரும் எரர் மெசேஜுக்கும் நீங்கள் எழுதிய வரிக்கும் சம்பந்தமே இருக்காது!

நான்காவது வகை, மாட்யூலை ஏற்றும்போது வருவது. ஒரு மாட்யூல் தன் ஃபங்ஷனை மற்ற மாட்யூல்களுக்குக் கொடுக்க 'எக்ஸ்போர்ட்_சிம்பல்' என்று அறிவிக்க வேண்டும். அதே பெயரை வேறொரு மாட்யூலோ கர்னலோ ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்திருந்தால், லினக்ஸ் புதிய மாட்யூலை ஏற்றாது. எந்தப் பெயர் மோதுகிறது, அது யாருக்குச் சொந்தம் என்பதையும் கர்னல் லாகில் எழுதிவிடும்.

முன்னோர் கண்ட வழி

இந்தத் தலைவலி நமக்குப் புதிதல்ல. 1975-ல் வெளியான யூனிக்ஸ் 6-ஆம் பதிப்பிலேயே இதற்கு வழி கண்டிருந்தார்கள். அதன் லைன் பிரின்டர் டிரைவரின் ஃபங்ஷன்கள் 'எல்பி' என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கும்: எல்பி-ஓப்பன், எல்பி-க்ளோஸ், எல்பி-ரைட். கன்சோல் டிரைவருக்கு 'கேஎல்', ஆர்.கே. வகை டிஸ்க்குக்கு 'ஆர்கே'. அதாவது, இனிஷியல்! எந்தச் சாதனத்துக்கு எந்த ஃபங்ஷன் என்பதை ஓர் அட்டவணையில் வரிசையாக எழுதி வைத்தார்கள். கர்னல் அந்த அட்டவணை வழியாகவே டிரைவரைக் கூப்பிட்டது.

ஏன் இரண்டே எழுத்து? அந்தக் கால லிங்கருக்கு நீண்ட பெயர் ஆகாது. 1989-ல் வந்த சி மொழித் தரநிர்ணயம்கூட, வெளியே தெரியும் பெயர்களில் முதல் 6 எழுத்துகளுக்கு மட்டுமே உத்தரவாதம் கொடுத்தது. ஆங்கிலத்தில் 'பிரின்டர்' என்பதே 7 எழுத்து. 'பிரின்டர்_கவுன்ட்', 'பிரின்டர்_ஸ்டேட்டஸ்' இரண்டும் ஒரே பெயர் என்று ஒரு லிங்கர் நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது! 1999 தரநிர்ணயம் இதை 31 எழுத்தாக உயர்த்தியது. ஆகவே இன்று பெயரைச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை.

லினக்ஸும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2.4 பதிப்பு வரை, நீங்கள் குறிப்பாகத் தடுக்காவிட்டால், மாட்யூலில் இருக்கும் குளோபல் பெயர்கள் எல்லாம் வெளியே தெரிந்தன. 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் இது தலைகீழானது. நீங்களாக எக்ஸ்போர்ட் செய்தால்தான் வெளியே தெரியும். 2019-ல் வந்த 5.4 பதிப்பில், எக்ஸ்போர்ட் ஆகும் பெயர்களைக் குழு குழுவாகப் பிரிக்கும் 'சிம்பல் நேம்ஸ்பேஸ்' வசதியும் வந்தது. ஒரு குழுவின் பெயர்களைப் பயன்படுத்த விரும்பும் மாட்யூல், அந்தக் குழு தனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஸ்டாடிக் போடுங்கள். ஃபைலின் தலையில் எழுதும் வேரியபிளுக்கும், வெளியே யாரும் கூப்பிடாத ஃபங்ஷனுக்கும் முன்னால் 'ஸ்டாடிக்' என்ற ஒரு வார்த்தை போதும். 'ஸ்டாடிக் இன்ட் கவுன்ட்;' என்று எழுதினால் அந்தப் பெயர் அந்த ஃபைலை விட்டு வெளியே போகாது. அதுதான் வீட்டுப் பெயர். நாங்கள் இருவரும் முதல் நாளே இதைப் போட்டிருந்தால் எரரும் இல்லை, உடைந்த பாட்டிலும் இல்லை.

டிரைவர் ஃபங்ஷன்களைக் கர்னல்தானே கூப்பிடுகிறது, ஸ்டாடிக் போட்டால் எப்படிக் கூப்பிடும் என்று சந்தேகம் வரும். கர்னல் அவற்றைப் பெயரால் கூப்பிடுவதில்லை. ஓப்பன், ரீட், ரைட் ஃபங்ஷன்களின் முகவரிகளை ஒரு ஸ்ட்ரக்சரில் நிரப்பிக் கொடுக்கிறோம். முகவரி தெரிந்தால் போதும், பெயர் எதற்கு?

2. இனிஷியல் வையுங்கள். இன்னொரு ஃபைலுக்குத் தேவைப்படும் பெயரை ஸ்டாடிக் ஆக்க முடியாது. அதற்கு டிரைவரின் பெயரை முன்னொட்டாகச் சேர்க்க வேண்டும். 'ஸ்டார்ட்' வேண்டாம், 'கன்வேயர்_மோட்டார்_ஸ்டார்ட்' என்று எழுதுங்கள். மேக்ரோ மோதலுக்கும் இதுதான் மருந்து. ப்ரீ ப்ராசசருக்கு ஸ்டாடிக் எல்லாம் தெரியாது. ஆனால் 'மோட்டார்_கரன்ட்' என்பதை அது தொடாது.

ஸ்டாடிக் பெயர்களுக்கும் முன்னொட்டு வைப்பது நல்லது. கர்னல் விழும்போது, எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று திரையில் எழுதும். அங்கே வெறும் 'ரீசெட்' என்று வந்தால் யாருடைய ரீசெட் என்று எப்படித் தேடுவது?

3. 'எக்ஸ்டெர்ன்' சி ஃபைலுக்குள் வேண்டாம். உண்மையாகவே பகிர வேண்டிய வேரியபிள் என்றால் அந்த அறிவிப்பை ஒரு ஹெடர் ஃபைலில் மட்டும் எழுதுங்கள். பயன்படுத்தும் ஃபைலிலும், வரையறுக்கும் ஃபைலிலும் அதே ஹெடரைச் சேருங்கள். வகை மாறினால் கம்பைலரே பிடித்துக்கொடுக்கும்.

4. ஸ்ட்ரக்சருக்குள் வையுங்கள். எங்களுக்கு இது பிறகுதான் புரிந்தது. ஸ்டாடிக் போட்டு எல்லாம் சரியானபின் இரண்டாவது மோட்டார் ஒன்றை இணைத்தோம். மறுபடியும் குழப்பம்! பெயர் மோதல் தீர்ந்தது உண்மைதான். ஆனால் இரண்டு மோட்டாருக்கும் எண்ணும் இடம் ஒன்றாகவே இருந்தது. பிறகு ஸ்டெப் எண்ணிக்கை, திசை, வேகம் எல்லாவற்றையும் 'மோட்டார்_டேட்டா' என்ற ஸ்ட்ரக்சரில் போட்டு, மோட்டாருக்கு ஒன்றாக மெமரி ஒதுக்கினோம். லினக்ஸில் ஃபைல் ஸ்ட்ரக்சருக்குள் 'ப்ரைவேட்_டேட்டா' என்று ஓர் இடம் இதற்காகவே இருக்கிறது. ஓப்பன் செய்யும்போது அதில் நம் ஸ்ட்ரக்சரின் முகவரியை வைத்துவிட்டால், ரீட், ரைட் செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம். குளோபல் வேரியபிளே இல்லை என்றால் மோதல் எங்கிருந்து வரும்?

5. பட்டியலைப் பாருங்கள். ஆப்ஜெக்ட் ஃபைல் மேல் 'என்.எம்.' என்ற கட்டளையைக் கொடுத்தால் சிம்பல் டேபிள் திரையில் வரும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பொதுவாகச் சின்ன எழுத்து என்றால் உள்ளூர்ப் பெயர், பெரிய எழுத்து என்றால் வெளியே தெரியும் பெயர். பெரிய எழுத்து 'யு' மட்டும் வேறு: வெளியிலிருந்து வர வேண்டிய பெயர் அது. மற்ற பெரிய எழுத்துப் பெயர் ஒவ்வொன்றையும் பார்த்து, "நீ ஏன் வெளியே நிற்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் ஸ்டாடிக் போட்டு உள்ளே அனுப்புங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-ல் தொடங்கிய 'ஸ்பார்ஸ்' என்ற கருவியும், எங்கும் அறிவிக்கப்படாத குளோபல் பெயரைக் கண்டால் இதே கேள்வியைத்தான் நம்மிடம் கேட்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை

பாட்டில் உடைந்த அன்று இரவு இரண்டு ஃபைலிலும் மாற்றிய வரிகள் மொத்தம் பத்துகூட இருக்காது. என் கவுன்ட் 'மோட்டார்_ஸ்டெப்' ஆயிற்று, நண்பனுடையது 'பாட்டில்_எண்ணிக்கை' ஆயிற்று, இரண்டுக்கும் முன்னால் ஸ்டாடிக் வந்தது. "சமமா" என்று கேட்ட இடத்தில் "சமமா அல்லது அதிகமா" என்று மாற்றினேன். மோட்டார் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சென்சாரைச் சுற்றி ஒட்டிய கறுப்புத் தாளைப் பிரித்து எடுத்தோம். பாவம், அது முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தது!

மறு ரெவ்யூவில் சார் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அன்னைக்கு லிங்கர் எரர் கொடுத்துச்சுல்ல? அது என்ன சொல்லுதுன்னு ஏம்பா படிக்கல?"

எங்களிடம் பதில் இல்லை. எரரைப் போக்குவது வேறு, தவறைத் திருத்துவது வேறு என்று அன்று தெரிந்துகொண்டோம்.

அடுத்த ஆண்டு ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளே! குழுவாக உட்கார்ந்து வேலையைப் பிரிக்கும் அன்றே பெயர்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த முன்னொட்டு என்று ரஃப் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை